ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

நாகலெட்சுமிக்கு எதிலும் சட்டென்று முடிவெடுக்கத் தெரியும் என்று லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பேர். பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றில் கை வைத்த மாத்திரத்தில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவிலேயே பார்த்துவிடலாமா, லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமா என்று சொல்லிவிடுவாள். புருஷன்காரன் பக்கத்தில் நின்று முழித்தால் அவனுக்கும் ஒரு திட்டு விழும். அப்பேர்ப்பட்ட மருத்துவச்சியம்மா தனக்கென்று ஒரு வீடு வாங்கக் கிளம்பியபோது பட்ட பாடு இருக்கிறதே, பார்த்தவர்கள் இவளா அவள் என்று வாயைப் பிளந்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில், தீபாவளி கழிந்த கையோடு, தோட்டத்தை நடத்தும் பெரிய துரை அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். வயது ஐம்பத்தைந்து ஆகிவிட்டது, பொங்கலுக்குப் பிறகு புது மருத்துவச்சி வருகிறாள், குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், உட்காரச் சொல்லித் தேத்தண்ணீர்கூடக் கொடுத்தார். உட்கார்ந்து குடித்துவிட்டு வெளியே வந்த பிறகுதான், இனி எங்கே போவது என்று யோசித்தாள்.

கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. பிள்ளை குட்டி இல்லை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்து வெகுகாலம். இத்தனை வருடமும் வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தது தோட்டத்தின் வீடு. இனி யாரும் எழுந்து போ என்று சொல்ல முடியாத ஒரு வீடு அவளுக்கு வேண்டும். அதில் ஆள் முகம் பார்க்காமல் கிடந்து சாகவும் கூடாது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த காசு ஒரு சின்ன வீட்டுக்குப் போதும். இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்திருந்தது. கிடைக்காதவர்கள் லயத்தில் பாதிப் பேர் இருந்தார்கள். “ஒங்களுக்கென்னாங்கம்மா, எங்க வேணாலும் வாங்கலாம்” என்று அவர்கள் சொல்லும்போது, எங்கே வாங்குவது என்று தெரியாமல் நிற்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

யோசனை சொல்ல மட்டும் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாங்கு என்றார் ஒருவர். கோவிலுக்குப் பக்கத்தில் என்றார் இன்னொருவர். ரயில் பக்கத்தில் இருந்தால்தான் நாளைக்கு ஒன்று என்றால் வசதி என்றார்கள், அந்த ஒன்று என்ன என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் பேச்சின் முடிவில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “யாரோட இருக்கப் போறீங்க?” இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு எரிச்சல் மூக்குக்கு மேல் ஏறியது.

முதலில் வட்டவளைக்குப் போனாள். அங்கே ஸ்டேசனில் வேலை பார்க்கும் கணேசமூர்த்தி அவளுடைய அண்ணன் மகன். அவன் வீட்டை ஒட்டியே ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. குடையையும் மீறி நனைந்து போய்ச் சேர்ந்தவளை அவனும் அவன் மனைவி ரத்னாவும் விழுந்து விழுந்து கவனித்தார்கள். நடுச் சுவரில் ஒரு கதவு வைத்துவிட்டால் இரண்டும் ஒரே வீடாகிவிடும் என்றான் அவன். ரத்னா அந்தக் கதவு வைக்கிற இடத்தையே காட்டினாள், தொட்டில் கட்டுகிற இடத்தையும் காட்டினாள்.

“அத்தைக்கும் பொழுது போவணுமில்ல. பிள்ளைங்கள நீங்க பாத்துக்கிட்டா நான் நிம்மதியா இருப்பேன்” என்றாள்.

“வீடு யார் பேர்ல எழுதுறது?” என்று நாகலெட்சுமி கேட்டாள்.

“ஒங்க பேர்லதான் அத்தை. பொறவு எப்படியும் எங்களுக்குத்தானே” என்றான் கணேசமூர்த்தி. கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனாலும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பி வருகிற ரயிலில், இது வேண்டாம் என்று நினைத்தாள். இறங்க வேண்டிய தலவாக்கலை வருவதற்குள், வேண்டாம் என்பது திமிரோ என்று நினைத்தாள். எது சரி என்று அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்து லிந்துலை. கடைவீதியில் ஒரு கடைக்குப் பின்னால் இரண்டு அறை. தோட்டத்துக்குக் கிட்ட, தெரிந்த முகங்கள், எல்லாம் சரிதான். ஆனால் அங்கே இருந்தால் நோவு கண்டவர்கள் புது மருத்துவச்சியை விட்டுவிட்டு இவளைத் தேடித்தான் வருவார்கள். வந்தால் போகாமல் இருக்க அவளால் ஆகாது. போனால் அந்தப் புதுப் பெண்ணின் பிழைப்பில் மண் விழும், துரை வரைக்கும் புகார் போகும். நாலு நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு அதையும் விட்டாள்.

மிஞ்சியது ஹட்டன். அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த சுப்பிரமணியம் முதலாளி, மெயின் றோட்டிலிருந்து மேலே ஏறுகிற சந்தில் ஒரு வீடு இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள். வேலையில் இருப்பவளுக்கு வேறு எந்த நாளில் ஒழியும்?

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டது. “மருத்துவச்சியம்மா, சொகமா இருக்கீங்களா?” என்று ஒருத்தி கையைப் பிடித்தாள். டயகமத் தோட்டத்திலிருந்து வந்த ஒருவன் தலையிலிருந்த அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டான். துணிக்கடை வாசலில் வேலாயி என்கிறவள் தன் இரண்டு பெண்களையும் முதுகில் கை வைத்துக் குனியவைத்தாள். “கும்பிடுங்கடி. ஒங்களப் பூமியில போட்டவங்க இவங்கதான்.” குமரிகள் இரண்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு காலைத் தொட்டன. நடந்தால் பத்தடிக்கு ஒருவர் நிறுத்தினார்கள். சந்து வீட்டு வாசலில் நின்று பார்த்தால் கடைவீதி முழுக்கத் தெரிந்தது, முழுக்கத் தெரிந்த சனம். அவள் மனம் நிறைந்துவிட்டது. யாரோட இருக்கப் போறீங்க என்று கேட்டார்களே, இதோ இந்த ஊரோடு இருக்கப் போகிறேன் என்று நினைத்தாள். ஓடு ஒழுகுமா, தண்ணீர்க் குழாய் எங்கே என்றுகூடக் கேட்காமல் முதலாளியிடம் முன்பணத்தைக் கொடுத்து வந்தாள்.

வீட்டு உறுதிப் பத்திரம் எழுத, புரொக்டர் வக்கீல் குறித்த நாள் செவ்வாய்க்கிழமை. லீவு போட்டுவிட்டுப் போனாள்.

ஹட்டனைச் செவ்வாய்க்கிழமையில் அவள் பார்த்ததே கிடையாது. அவள் மட்டுமா, தோட்டத்து ஆட்களில் முக்கால்வாசிப் பேர் பார்த்ததில்லை. அவர்களுக்கு டவுன் என்றால் ஞாயிறு. பஸ்ஸை விட்டு இறங்கியவளை யாரும் கூப்பிடவில்லை. றோட்டில் பனியும் இரண்டு மாடும் நின்றன. கடைக்காரர்கள் பேப்பரை விட்டுத் தலை தூக்கவில்லை. வழி மாறி வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் திகைத்து, ஸ்டேசன் பலகையை வாசித்துப் பார்த்தாள். ஹட்டன்தான்.

சந்தில் ஏறினாள். அடுத்த வீட்டு அம்மா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“யாரைப் பாக்க வந்தீங்க?”

“இந்த வீட்ட நான்தான் வாங்கப் போறேன்.”

“குடும்பம் எங்க?”

“நான் மட்டுந்தான்.”

“ஆங்” என்றாள் அந்த அம்மா. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாகலெட்சுமி சந்தில் இறங்கினாள். நேராகச் சுப்பிரமணியத்தின் கடைக்குப் போனாள். “முதலாளி, அன்னைக்கு இருந்த சனமெல்லாம் எங்கங்க?”

“அது ஒங்க தோட்டத்துச் சனம் அம்மா. சாமான் கட்டுனதும் பஸ் ஏறிப் போயிரும். டவுனுக்காரங்க நாங்க இவ்வளவு பேருதான்” என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, “ஏம்மா, இது தெரியாமலா வாங்குனீங்க?” என்று சிரித்துவிட்டார். அவளும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்குக் கையெழுத்து வைக்கிறேன் என்று புரொக்டரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

அன்று சாயங்காலம் அம்மாக்கண்ணு வந்தாள். கொழுந்துக்காரிகள் மலைக்குப் போகிற நேரத்தில் அவர்களுடைய பச்சைப்பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள் அவள். காய்ச்சல் பிள்ளைக்கு மருந்து வாங்க வந்தவள், குவாட்டர்ஸின் பின்வாசற்படியில் உட்கார்ந்தாள். நாகலெட்சுமி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ஆறு நாளு அங்க என்னைய ஏன்னு கேக்க நாதியில்ல அம்மாக்கண்ணு. இங்கன்னா நாலு பேரு வந்து போவாங்க.”

“இங்க யாரு வந்தா?” என்றாள் அம்மாக்கண்ணு.

“என்னா இப்படிக் கேக்கிற? ராத்திரி பகல்னு பாக்காம வரலியா?”

“நோவு கண்டா வந்தாங்க. காச்சலுன்னா நான் வாரேன். சும்மா யாரு வந்தா, சொல்லுங்க.”

நாகலெட்சுமி விரல் மடக்கி எண்ணப் பார்த்தாள். ஒரு விரலும் மடங்கவில்லை.

“கோவிச்சுக்காதீங்க. வரப்புடாதுன்னு இல்ல. இது ஸ்டாப்பு ஆளுங்க இருக்கிற குவாட்டர்ஸு. லயத்து ஆளு முன்வாச வழியா வந்து சும்மா நின்னா, என்னா ஏதுன்னு பெரிய கிளாக்கரய்யா கேப்பாரா மாட்டாரா? இத்தன வருசத்துல நானே இந்தப் படிக்கு மேல வந்ததில்ல.” மருந்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு அவள் எழுந்தாள். “நேரமாச்சு, பிள்ளைக்குக் கொடுக்கணும்.”

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே பாவி என்று நாகலெட்சுமிக்குக் கோபம் வந்தது. கோபம் தணிந்ததும் பயம் வந்தது. அப்படியானால் இங்கேயும் தனியாகத்தான் இருந்தேனா? தெரியாமலா இருந்தேன்? ஹட்டனில் கையைப் பிடித்தவர்களுக்கு நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் அது றோட்டில் கண்ட மரியாதை. வீட்டுக்கு வருவார்களா, யார் கண்டது? வட்டவளைக்கே போய்விடலாமா? அங்கே ஆள் முகமாவது இருக்கும், அந்தத் தொட்டிலும் இருக்கும்.

குழப்பம் தெளிந்துதான் வெள்ளிக்கிழமை போனாள் என்று சொன்னால் பொய். பஸ்ஸில் ஒரு மனம், இறங்கியதும் ஒரு மனம். பேனாவைக் கையில் வாங்கிய பிறகும், “கொஞ்சம் பொறுங்க ஐயா” என்று இரண்டு தடவை சொன்னாள். புரொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிறவள் போலக் கையெழுத்தை வைத்தாள்.

பொங்கல் கழிந்து குடி வந்தாள். முதல் வாரத்தில் கடைக்காரனையும் பால்காரனையும் தவிர யாரிடமும் பேசவில்லை. அடுத்த வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. தப்புப் பண்ணிவிட்டோம் என்று தினமும் சமைக்கும்போது நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டிய சத்தம் கேட்டது. திறந்தாள். கீழ்மலை லயத்து ராக்காயி நின்றாள், இடுப்பில் பிள்ளை, கையில் சாமான் பை. நாகலெட்சுமியின் கை தானாகவே சேலையைத் தூக்கிச் செருகியது.

“யாருக்கு? எப்ப நோவு கண்டுச்சு?”

“யாருக்கும் ஒண்ணுமில்லீங்கம்மா.”

“பிள்ளைக்குக் காச்சலா?”

“இல்லீங்க.”

“பொறவு என்னாத்துக்கு வந்த?”

அதட்டலாகத்தான் கேட்டுவிட்டாள், பழக்கம். ராக்காயி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். “ஒண்ணுக்கும் இல்லீங்கம்மா. சும்மாதான் வந்தேன். ஒங்க வீடு எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போவலாம்னு.”

பிரசவத்துக்கு வெந்நீர் எங்கே, துணி எங்கே என்று ஊரையே விரட்டத் தெரிந்தவளுக்கு, சும்மா வந்தவளை என்ன செய்வதென்று தெரியவில்லை. வழி விடத் தோன்றாமல் கதவைப் பிடித்தபடியே நின்றாள். ராக்காயி செருப்பில்லாத காலை மிதியடியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, “உள்ள வரலாங்களா?” என்று கேட்டாள்.