கீறாமல் வைத்த கட்டி

அக்காவின் மார்பிலிருந்து கட்டியை எடுத்த அன்று, செங்கல்பட்டு நர்சிங் ஹோம் வராந்தாவில் அம்மாவும் நானும் இருந்தோம். அக்கா புருஷன், என் மாமா, அங்கே இல்லை. அன்றைய மீன்தான் மருந்துச் செலவு என்று விடியற்காலையிலேயே கடலுக்குப் போயிருந்தார். கட்டியைச் சோதிக்கும் லேப்காரரும் இல்லை. மறுநாள் போகி; பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார்.

எடுத்த சதையைக் கெடாமலிருக்க ஃபார்மலின் பாட்டிலில் போட்டு வீட்டாரிடமே கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். லேபுக்குக் கொண்டுபோவது நம் பாடு. எங்கள் வீட்டில் காலேஜ் படித்தவன் நான் ஒருவன்தான், அதுவும் உயிர்வேதியியல். பாட்டில் என் கைக்கு வந்தது.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். "மாத்திரையே போதுமா, கீமோவும் வேணுமாங்கறதுதான் கேள்வி. கட்டியில எந்தெந்த ஜீன் வேலை செய்யுதுன்னு சென்னையில ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல பார்க்கறாங்க, காசு கிடையாது. முதல்ல இதை இன்னைக்கே தாம்பரத்துல ஒரு லேப்ல கொடுத்திடுங்க."

நான் போகவில்லை. பஸ்ஸில் பொங்கல் கூட்டம் என்பது சாக்கு. எங்கள் காலேஜ் அலமாரியில், நான் பிறப்பதற்கு முன் ஃபார்மலினில் போட்ட தவளை ஒன்று இன்னும் முழுசாக இருந்தது. நாலைந்து நாளில் இதற்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

அக்கா கருவாடு போட்டு விற்பவள். மயக்கம் தெளிந்ததும் பாட்டிலைப் பார்த்தாள்.

"இன்னாடா, கீறாமயே போட்டு வச்சிகீறாங்க?"

"அக்கா, இது கருவாடு இல்ல."

"தெரியுதுடா. வஞ்சிரத்த கீறாம உப்புல போட்டுப் பாரு. மேல நல்லாத்தான் கீது, உள்ள நாறிப்பூடும்."

"இது மருந்துக்கா. அதுவே உள்ள எறங்கும். நீ படு."

"சரிங்க சார்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பாட்டில் எங்கள் வீட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் பொங்கல் கொண்டாடியது. காணும் பொங்கலும் முடிந்த மறுநாள்தான் கொண்டுபோனேன். ஊரிலிருந்து திரும்பியிருந்த லேப்காரர் கத்தியை வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓரம் ரப்பர் மாதிரி வெளுத்திருந்தது. நடு, கொழகொழவென்று பழுப்பாக இருந்தது.

"நடுவுல மருந்தே போகலயே தம்பி. இத அன்னிக்கே கீறியிருக்கணும்" என்றார்.

ஓரத்தை வைத்து அது எந்த வகைப் புற்று என்று சொல்ல முடிந்தது. ஆராய்ச்சிக்கூடம் மட்டும் முடியாது என்று எழுதிவிட்டது. ஜீன்கள் எழுதி அனுப்பும் சீட்டுகளை, அதாவது ஆர்.என்.ஏ.வை, எண்ணுவதுதான் அந்தச் சோதனை. நடுவில் அந்தச் சீட்டுகள் அழுகிவிட்டன. ஓரத்தில், நாள்கணக்கில் ஊறிய ஃபார்மலினே அவற்றைத் துண்டு துண்டாக்கிவிட்டது. எடுத்த கையோடு உறையவைத்திருந்தால் எல்லாம் அப்படியே கிடைத்திருக்கும் என்றும் கடிதத்தில் இருந்தது. தவளைக்கு உருவம் நின்றால் போதும். அக்காவின் கட்டியில் எங்களுக்கு வேண்டியிருந்தது உருவம் இல்லை.

சோதனை இல்லாத நிலையில் கீமோ கொடுத்துவிடுவதே பாதுகாப்பு என்றார் டாக்டரம்மா. ஆறு தடவை.

மாமா கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "எல்லாம் என்னாலதான் மாமா" என்றேன்.

அக்கா முந்திக்கொண்டாள். "தே, கருவாடு போட்றவ நானு. நீ சொன்னேன்னு நானுந்தான் கம்முனு கெடந்தேன். வுடு."

மாமா வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னா மச்சான், அழுதுகினு கீற? ஊசிக்கு யாரு இட்டுகினு போறது, நானா? ஆஸ்பத்திரில குடுக்கற சீட்ட எவன் படிக்கறது?"

ஆறு தடவையும் நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் எழுதியதை ஒவ்வொரு வரியாக இரண்டு முறை படித்தேன், புரியாததைக் கேட்டேன். மூன்றாவது தடவைக்குள் அக்காவுக்கு முடி கொட்டிவிட்டது. ஐந்தாவதற்கு மாமா படகு இஞ்சினை விற்றார். அக்கா இன்று நன்றாக இருக்கிறாள். கீமோவாலா, அது இல்லாமலே இப்படித்தான் இருந்திருப்பாளா என்று சொல்ல யாராலும் முடியாது. அது தெரியாமல் போனதற்கு நாங்கள் கொடுத்தது அறுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.