அடுக்களைச் சுவரை இடித்த பிறகு

எங்கள் அடுக்களையின் பின்சுவரை இடிக்க வேண்டும் என்று முதலில் சொன்னது நான்தான். பழைய மண்சுவர் அது. ஒரு மூலை முழுக்கக் கரையான் ஏறியிருந்தது. தாளிக்கும்போது மேலேயிருந்து மண் உதிர்ந்து சட்டிக்குள் விழும். ஓட்டுக்கு அடியில் கிடந்த கட்டைகள் உளுத்துப்போய், கையால் தட்டினால் மாவு கொட்டியது. ஒருநாள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது தேள் ஒன்று என் தோளில் விழுந்து, அங்கிருந்து தரைக்குத் தாவி, விறகுக்குள் போய் ஒளிந்துகொண்டது. அன்றைக்கு அந்த விறகை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்ததும், "இனிமே இந்த அடுக்களையில நான் பொங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. யாரிடமும் குரலை உயர்த்தாதவர். ஆபீஸில் அதற்காக அவரைக் கொண்டாடினார்கள். வீட்டில் கட்டுவேலை நடக்கும்போது அந்தக் குணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் சிமெண்டு வாங்க பெர்மிட் வேண்டும். அதற்கு அலைவதைவிடச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமே போதும் என்று முடிவு செய்தோம். பிறகு நல்ல ஆளாகத் தேட ஆரம்பித்தோம். எங்கள் சங்கரன்கோவிலில் கொத்தனாருக்குப் பஞ்சமில்லை. ஆனால் யாரைக் கேட்டாலும் தங்களுக்கு வாய்த்த ஆளைப் பற்றி அழுதார்கள். ஒரு வீட்டில் கிணற்றுச் சுவரைப் பாதி கட்டிவிட்டு ஆள் போய்விட்டான். இன்னொரு வீட்டில் மாடிப்படியைச் செங்குத்தாகக் கட்டிவிட்டதால், வீட்டுக்காரர் இன்றுவரை தன் மாடியைப் பார்த்ததில்லை. மேலத் தெருவில் ஒருவர் மட்டும் தன் கொத்தனாரை மெச்சினார். விசாரித்தால் அந்தக் கொத்தனார் செத்துப்போயிருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காண்ட்ராக்டர் தானாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். கொத்தனார் என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, வாயில் வெற்றிலை. பின்சுவரில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதுக்குள்ள நின்னா தாயி இத்தன நாளும் பொங்குனிய?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

"ஆயுத பூசைக்குப் புது அடுக்களையில பால் காய்ச்சுங்க. என் பொறுப்பு" என்றார். என் வீட்டுக்காரர் அச்சாரம் கொடுத்தார். செங்கல்லும் சுண்ணாம்பும் வந்து இறங்கின. ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்துக் காண்ட்ராக்டர் ஆட்களோடு வந்தார். உச்சிப்பொழுதுக்குள் ஓட்டைப் பிரித்து, கட்டைகளை இறக்கி, சுவரையும் தள்ளிவிட்டார்கள். அடுக்களை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். எல்லாருக்கும் மோர் கொடுத்தேன்.

மறுநாள் ஒருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் ஆபீஸுக்குப் போகிற வழியில் காண்ட்ராக்டரைப் போய்ப் பார்த்தார். "நாளைக்கு வாரேன் அண்ணாச்சி" என்றாராம். அந்த நாளைக்கு வந்தார். வந்து, அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டி, ஓரமாகக் கொஞ்சம் தோண்டிவிட்டு, "காரை புளிக்கணும்லா, நாளைக்கு வாரேன்" என்று போனார். பிறகு ஒரு வாரம் ஆளில்லை. கேட்டால் சித்தாளுக்குக் காய்ச்சல் என்றார். அடுத்து மணல் வண்டிக்கு அச்சு முறிந்தது. அடுத்து அவருடைய சொந்தத்தில் ஒரு சாவு. எந்த நாளும் அவர் மாட்டேன் என்று சொன்னதே கிடையாது. கோபமாகக் கேட்கப் போனால், நம்மைவிட அவர்தான் அதிகம் வருத்தப்படுகிறவர்போல முகத்தை வைத்துக்கொள்வார். திரும்பி வரும்போது அவருக்கு நாம்தான் ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருப்போம்.

நான் புறவாசலில் நான்கு கம்பு நட்டு, ஓலைக்கீற்றைப் போட்டு, அதற்குக் கீழே அடுப்பு வைத்துப் பொங்கினேன். காற்று அடித்தால் சாம்பல் சோற்றில் விழும். பக்கத்து வீட்டுக் கோழிகள் அரிசி புடைக்கும் சுளகுக்குள் ஏறும். பாத்திரங்களெல்லாம் முன்பக்கத்துக் கூடமான பட்டாசலில் குவிந்து கிடந்தன. ராத்திரி படுக்க வேண்டுமானால் அண்டாவையும் குடத்தையும் ஒதுக்கித்தான் பாய் விரிக்க வேண்டும். ஆயுத பூசை வந்து போயிற்று.

அப்புறம்தான் தெரிந்தது, காண்ட்ராக்டர் புளியங்குடியில் ஒரு எலுமிச்சை வியாபாரிக்கு மண்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்று. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறார். "வேற ஆளப் பாருங்க" என்றேன். என் வீட்டுக்காரர் நான்கைந்து பேரைக் கேட்டுப் பார்த்தார். ஒருத்தன் கைவைத்த வேலையை இன்னொருத்தன் தொட மாட்டான்; அது அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. தொட்டால் நாளைக்குச் சண்டை வரும் என்று எல்லாரும் ஒதுங்கிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரைப் புளியங்குடிக்கு அனுப்பினேன். "கையோட கூட்டிட்டு வாங்க. வரலைன்னா அங்கனயே உக்காந்துருங்க" என்று சொல்லித்தான் அனுப்பினேன். இருட்டுகிற நேரத்தில் அவர் மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். கையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம்.

"என்ன இது?"

"அவன்தான் குடுத்தான். வேண்டாம்னேன், கேக்கல."

"வேல?"

"புதன்கிழமை கண்டிப்பா வாரேன்னான்."

அந்தப் பையை அப்படியே வாங்கித் தெருவில் கொட்டிவிடலாமா என்று வந்தது. நல்ல பழம், கொட்ட மனசு வரவில்லை. ஊறுகாய் போட்டேன். புதன்கிழமை அவர் வரவில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் மழை எப்போதாவதுதான் பெய்யும். அந்த வருஷம் என்னவோ விடாமல் பெய்தது. ஒருநாள் விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும்போதே ஓலைக்கீற்று தண்ணீர் கனத்தில் சரிந்து, உலை வைத்த பானையோடு அடுப்பின் மேல் விழுந்தது. விறகெல்லாம் நனைந்துவிட்டது. பிள்ளைகள் பொரிகடலையைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். என் வீட்டுக்காரர் வெறும் வயிற்றோடு குடையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, "இன்னைக்குச் சொல்லிப் பாக்கேன்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு எதுவோ அறுந்த மாதிரி ஆகிவிட்டது.

மழை கொஞ்சம் வெறித்ததும் அரிசி, பருப்பு, இரண்டு சட்டி, ஒரு பானை எல்லாவற்றையும் ஒரு கூடையில் வைத்தேன். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஸ்டேஷன் பக்கம் இருந்த காண்ட்ராக்டர் வீட்டுக்கு நடந்தேன். அவருடைய சம்சாரம் உள்ளே ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவளாக இருப்பாள். முன்பின் பார்த்ததில்லை.

"அவுக புளியங்குடிக்குப் போயிட்டாகளே" என்றாள், எழுந்து நின்று.

"தெரியும். எங்க வீட்டு அடுக்களைய உங்க வீட்டுக்காரர் பிரிச்சுப் போட்டுட்டாரு. எங்க அடுப்பு மழையில கெடக்கு. அதான் இங்கன பொங்க வந்தேன்."

அவள் என் கூடையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தக் காலத்தில் ஒரு சாதிக்காரர் இன்னொரு சாதிக்காரர் வீட்டு அடுப்பில் பொங்குவதென்றால் ஊர் சும்மா இருக்காது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"எங்க அடுப்புலயா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா. உங்களுக்குச் சம்மதம்னா."

அவள் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அந்த அடுக்களையைப் பார்த்துவிட்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்சுவர் நெஞ்சு உயரத்துக்குத்தான் இருந்தது. அதற்கு மேலே சாக்குப்படுதா. நிலைக்கதவு ஒரு ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய சேலை தொங்கியது.

"மூத்தவ வயித்துல இருக்கும்போது இடிச்சாக. அவ இப்பம் பள்ளிக்கூடம் போறா" என்றாள். "எனக்கே நாளைக்கு நாளைக்குன்னுதான் சொல்லுதாக, அக்கா. உங்களுக்கு எங்கன கெட்டித் தரப்போறாக."

சண்டை போடுவதற்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சு முழுவதும் எனக்கு வீணாகிவிட்டது. இருவருமாக உட்கார்ந்து காய் நறுக்கினோம். மத்தியானம் பிள்ளைகளையும் அங்கேயே வரச் சொல்லிச் சோறு போட்டேன். சாயங்காலம் நான் ஆளனுப்பியதில் விஷயம் தெரிந்து, என் வீட்டுக்காரர் கூச்சத்தோடு வந்து சேர்ந்தார். காண்ட்ராக்டர் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழையும்போது, நாங்கள் குடும்பமாக அவர் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அவர் வாயைத் திறந்தார். "அண்ணாச்சி, நாளைக்கு..."

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதிய" என்றாள் அவர் சம்சாரம்.

மறுநாள் அவர் வந்தார் என்பது உண்மை. ஆட்களோடு வந்து வேகவேகமாகச் சுவரை எழுப்பினார். ஜன்னல் உயரம் வரை வந்தது. ஊரில் என்னைப் பற்றி என்னென்னவோ பேசினார்கள். என் நாத்தனார் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து, கண்ட வீட்டு அடுப்பில் பொங்கியதற்காக என்னை ஏசிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். சுவர் வருகிறதே என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் காலையில் பார்த்தால் மறுபடியும் ஒருவரும் இல்லை. எலுமிச்சை வியாபாரி மோட்டார் கார் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாராம். அன்றைக்கு நான் அந்தப் பாதிச் சுவரின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். கோபம் வந்தால் எனக்கு அழுகைதான் வரும்.

இரண்டு நாள் கழித்துக் காண்ட்ராக்டர் சம்சாரம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூட ஒரு ஆள். வாசுதேவநல்லூரில் இருக்கும் அவளுடைய தம்பி. அவனும் கொத்தனார்தான். வீட்டு ஆள் என்பதால் மச்சான் தொட்ட வேலையை அவன் தொட்டால் யாரும் கேட்க முடியாது.

"வாய் மோசம், அக்கா. ஏசுவான். பொறுத்துக்கிடுங்க" என்று என் காதில் சொன்னாள்.

அவன் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராகப் பின்பக்கம் போய், சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டை விட்டுப் பார்த்துவிட்டு, "இத வச்சவனுக்குக் கண்ணு பொட்டையா?" என்றான். அப்படியே கடப்பாறையை எடுத்தான்.

நான் குறுக்கே போய் நின்றேன். "தொடக் கூடாது. இந்தச் சுவரு எப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது."

"அடிமண்ணு மழையில எளகிக் கெடக்கு. ஓட்ட ஏத்துனா உங்க தலையிலதான் விழும். விழட்டுமா?"

"விழட்டும்" என்றேன். அவ்வளவு அலுத்துப்போயிருந்தது எனக்கு.

அவன் கொத்துக்கரண்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தான். அவனுடைய அக்காள் என்னைப் பார்த்தாள். சேலை தொங்கும் அவளுடைய அடுக்களை என் கண்ணில் வந்து நின்றது. "சரி, இடிச்சிருங்க" என்றேன். சொல்லிவிட்டு முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். செங்கல் விழுகிற சத்தம் ஒவ்வொன்றும் என் மேலேயே விழுவதுபோல இருந்தது.

அவனோடு ஒத்துப்போவது சுலபமில்லை. காபியில் சீனி குறைவு என்பான். பிள்ளைகள் மணலை மிதித்தால் கத்துவான். என் வீட்டுக்காரர் மரியாதைக்கு ஏதாவது கேட்டால், "ஆபீஸுக்கு நேரமாகலியா?" என்பான். அடுப்பு மேடையை நான் சொன்ன பக்கம் வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, அவன் இஷ்டத்துக்குத்தான் வைத்தான். சாயங்காலம் வெயில் நேராக முகத்தில் அடிக்கும்; கடைசிவரை அந்தக் குறை தீரவில்லை.

ஆனால் ஒருநாள் வேலை முடிந்து கை கழுவும்போது, "நாளைக்கு வர மாட்டேன். ஊருல சோலி இருக்கு. நாளக்கழிச்சிதான் வருவேன்" என்றான்.

அவன் போன பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். இத்தனை மாதத்தில் வர மாட்டேன் என்று ஒரு ஆள் என்னிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. மறுநாள் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் துணி துவைத்தேன், தலைக்குக் குளித்தேன், மத்தியானம் படுத்துத் தூங்கவும் செய்தேன். சொன்னபடியே அதற்கு அடுத்த நாள் விடிகிறபோது வந்து நின்றான்.

கார்த்திகைக்குள் சுவர் முடிந்து, புதுக் கட்டை போட்டு ஓடும் ஏற்றியாயிற்று. எங்கள் வேலை முடிந்த கையோடு அவன் தன் அக்காள் வீட்டுக்குப் போய், பின்சுவரை எழுப்பி, நிலையை நிறுத்திக் கதவைப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன்.

பொங்கல் கழித்து ஒருநாள் காண்ட்ராக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதே வெள்ளை வேட்டி, அதே சிரிப்பு. கூட ஒரு பெரியவர்; பள்ளிக்கூடத்து வாத்தியார், புதிதாக மாற்றலாகி வந்தவர், ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தார். "செத்த நேரம் அடுக்களையப் பாத்துக்கிடட்டுமா தாயி?" என்று கேட்டுக்கொண்டே அவரை உள்ளே கூட்டி வந்தார்.

"பாத்தியளா, சுவர. இது நம்ம வேலதான்" என்றார்.

அகப்பையைக் கீழே வைத்தேன். "அய்யா, இவரு இடிச்சாரு. அவ்வளவுதான். கெட்டுனது இவரு இல்ல. இவரு சம்சாரத்தோட தம்பி, வாசுதேவநல்லூர்ல இருக்காரு. கொத்தனார் வேணும்னா அவரப் போய்ப் பாருங்க. ஏசுவாரு, ஆனா வருவாரு."

காண்ட்ராக்டர் முகம் சுருங்கவே இல்லை. "நம்ம மச்சினந்தான் அய்யா. எல்லாம் நம்ம ஆளுகதான்" என்றார். வாத்தியார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவரைத் தொட்டுப் பார்த்தார். ஏசுகிற ஆளைத் தேடி வாசுதேவநல்லூருக்கு யார் பஸ் ஏறுவது என்று யோசித்திருப்பார். இருவரும் பேசிக்கொண்டே தெருவில் இறங்கிப் போனார்கள்.

அந்த வாரமே வாத்தியார் அவருக்கு அச்சாரம் கொடுத்துவிட்டதாக என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். வாத்தியார் வீட்டு முன்கூரையை ஒரே நாளில் பிரித்துவிட்டார்களாம்.