ஆவுடையாள் அறையின் மூங்கில் தரை

கனவு காண ஆவுடையாளுக்கு அடுப்படி போதும். ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகச் சத்துணவு சமைக்கிறவள். சாம்பார் கொதிக்கும்போது கரண்டியைப் பிடித்தபடி கண் சொக்கி நிற்பாள். "ஆயா தூங்குது டோய்!" என்று பிள்ளைகள் கத்தும். தூக்கமாவது ஒன்றாவது! சிமெண்டுத் தரையில் நின்று நின்று குதிகால் இரண்டும் போய்விட்டன. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். அதனால் அவள் மனசுக்குள் எந்நேரமும் ஒரு தரை விரிந்து கிடந்தது. அதில் நடந்தால் வலிக்காது. அவ்வளவுதான் அவள் ஆசை, பாவம்.

அந்தத் தரை இன்னதென்று காட்டிக் கொடுத்தவன் மகன் அருண். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளுக்குத் தரை போடுகிற வேலை அவனுக்கு. ஒருநாள் வீடியோ காலில் ஒரு பலகையைத் தட்டிக் காட்டினான்.

"மூங்கில்மா இது. வேக வச்சு, காய வச்சு, பசை போட்டு அழுத்துன பலகை. கல்லு மாதிரி காலை அறையாது. வெயிலுக்குச் சுடாது, மழைக்கு ஜில்லுன்னும் இருக்காது. வெட்டுனாலும் நாலஞ்சு வருஷத்துல திரும்ப வளந்துரும்."

"கரையான் அரிக்காதா?"

"அடியில ஈரம் ஏறாம ஷீட் விரிச்சுத்தான் போடுவோம். ஆனா நீ வெள்ளிக்கெழமையானா வாளி வாளியா ஊத்திக் கழுவுற பாரு, அந்த வேலையெல்லாம் ஆகாது. துணியை நல்லாப் பிழிஞ்சு தொடைச்சாப் போதும்."

"கழுவாத வீடும் ஒரு வீடாடா?" என்று கேட்டுவிட்டாளே தவிர, அன்றையிலிருந்து சாம்பார் ஆவிக்குள் தேன் நிறத்தில் ஓர் அறை தெரிந்தது. ஜன்னல் வழியாக இளவெயில், அதில் வெறுங்காலோடு அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பாள். பருப்பு இரண்டு தடவை அடிப்பிடித்தது.

ஊரில் புது வீடு எழும்பியது. கூடத்துக்கு டைல்ஸ், அவள் படுக்கும் அறைக்கு மட்டும் மூங்கில் என்று முடிவானது. லீவில் வந்த அருண் பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது ஏகாம்பரம் வந்தார். ஆவுடையாளின் கணவன் நாகராசு செத்து ஆறு வருஷம். ஏகாம்பரம் அவனுக்கு அண்ணன். மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனுஷன்.

"பாடை கட்டுற மூங்கிலயா வீட்டுக்குள்ள பரப்பப் போறீங்க? இதைப் போட்டா, பால் காய்ச்சுற அன்னைக்கு நான் வாசப்படி மிதிக்க மாட்டேன், ஆமா!"

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். அப்பன் இல்லாத பிள்ளைக்கு அந்த இடத்தில் வந்து நிற்க அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? அருணுக்கே மனசு இளகிவிட்டது. "டைல்ஸே போட்ருவோம்மா" என்றான். ஆவுடையாள் மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள், "நீ போடுடா. நடக்கப் போறது என் காலு" என்றாள்.

பால் காய்ச்சும் நாளும் வந்தது. பசுவும் கன்றும் கூடத்தைச் சுற்றிவந்து, சாணியும் போட்டுப் புண்ணியம் சேர்த்துவிட்டுப் போயின. ஏகாம்பரம் வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆவுடையாளே எழுந்து வெளியே போனாள்.

"அத்தான், அவுகளைத் தூக்கிட்டுப் போனப்ப, பொம்பளை வரக்கூடாதுன்னு என்னையத் தெருமுனையிலயே நிறுத்திட்டீங்க. அதுக்கு அங்கிட்டு அவுகளைத் தாங்குனது மூங்கில்தானே? எனக்கு அதுமேல கோவம் வரமாட்டேங்குது. அவுகளைத் தாங்குனது என்னையும் தாங்கட்டுமே."

ஏகாம்பரத்தின் கை தானாகப் போய் வலது தோளைத் தடவியது.

"முன்னால தோள் குடுத்தவன் நான், ஆவுடையா. எனக்குப் பத்து வயசு எளையவன் அவன். எனக்கு அவன் குடுக்க வேண்டிய தோளும்மா அது. மூங்கிலைக் கண்டாலே இந்த எடம் வலிக்குது."

ஐயோ, இந்த மனுஷனையா பிடிவாதக்காரர் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தோம் என்று ஆவுடையாளுக்கு அழுகை முட்டியது. "பேத்துப் போட்ருவோம் அத்தான். எனக்கு வேணாம்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

அவர் எழுந்தார். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். கூடத்தைத் தாண்டி அந்த அறையின் நிலைப்படி வரைக்கும் வந்து நின்றார்.

"எங்க, நட பாப்போம்."

ஆவுடையாள் நடந்தாள். ஜன்னல் வரைக்கும் போய், சுவர் வரைக்கும் வந்தாள். பலகைமேல் வெயில் படுத்திருந்தது. காலுக்குக் கீழே ஏதோ இதமாக ஏந்தி ஏந்தி விட்டது. தன் உடம்புக்குக் கனம் என்று ஒன்று இருந்ததே அவளுக்கு மறந்துபோயிற்று.

"வலிக்குதா?"

"இல்ல அத்தான்."

ஏகாம்பரம் வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். நடு அறையில் வந்து நின்றார்.

"அவன் இருந்தா இந்நேரம் இதுல துண்டை விரிச்சுப் படுத்துருப்பான், சோம்பேறிப் பய" என்று சொல்லிவிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார்.