பீப்பாயில் புளித்த புல்

போன தை மாதக் கடைசியில் நான் இரண்டு நீலப் பீப்பாய்களில் புல் அடைத்தேன். கம்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதற்கு முன் யாரும் அந்த வேலையைச் செய்ததில்லை. புல்லைப் பொடியாக நறுக்கி, கரும்புப்பாகு தெளித்து, ஏறி மிதித்து, காற்றுப் புகாமல் மூடியை இறுக்கி ஆறு வாரம் புளிக்க விடவேண்டும். பச்சையாக இருக்கும்போது அறுத்த புல்லை வெயில் காலத்தில் மாடு தின்னும். பேராதனையில் ஒருநாள் வகுப்பில் இதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் பீப்பாயை எந்த மூலையில் வைப்பது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு பங்குனியிலும் புல் காய்ந்து, எங்கள் சிவப்புப் பசுவின் பால் பாதியாகிவிடும். அதை விற்றுவிடுவதென்று என் கணவர் மாட்டு வியாபாரியிடம் பேசிவிட்டார். அவர் டவுனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்பவர். கழுவுவதும் கறப்பதும் புல்லறுத்துப் போடுவதும் நான். ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவருக்குச் சீனி போடாமல் தேத்தண்ணி கொடுத்தேன்.

"சரி, பங்குனி கடைசில பாப்போம்," என்று கடைசியில் இறங்கி வந்தார். "ஆறு லீட்டர் நின்னா வச்சிக்குவோம். கொறஞ்சா அந்தாளு வந்து புடிச்சிட்டுப் போவாரு."

மூன்றாம் வாரம் வினை வந்தது. மூடிய பீப்பாய், பாகு, வீட்டுக்குப் பின்னால் லேசான புளித்த வாடை. எங்கள் லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், இதற்கு ஒரே அர்த்தம்தான். நான் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுவதாகக் கதை பரவிவிட்டது. மேல் லயத்து ஆள் ஒருவர் வெறும் போத்தலோடு வந்து, "அக்கா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஒரு அரைப் போத்தல் தாங்க," என்று கெஞ்சினார். விளக்குமாற்றை எடுத்த பிறகுதான் போனார்.

கணவருக்கு உதறல் எடுத்துவிட்டது. பொலிஸ் வந்தால் கடையில் வேலை போய்விடும் என்று நச்சரித்தார். தொல்லை தாங்காமல் ஒரு பீப்பாயை எல்லார் முன்னாலும் திறந்து காட்டினேன். கையை விட்டுக் கிளறினார்கள், மோந்து பார்த்தார்கள், சிரித்தார்கள். காற்றுப் பட்ட புல் நாலே நாளில் பூஞ்சணம் பிடித்துப் போனது. மானத்தைக் காப்பாற்றப் போய் மாட்டின் சாப்பாட்டைக் கெடுத்தேனே என்று அழுதேன்.

மிஞ்சியது ஒன்று. ஆறு வாரம் முடிந்து அதைத் திறந்தேன். உள்ளே மஞ்சள் கலந்த பச்சையில் புல், மாங்காய்ப் புளிப்பு வாசனை. பூஞ்சணம் துளியும் இல்லை. அள்ளித் தொட்டியில் போட்டேன். பசு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்கு உயிரே போய்விட்டது. மேலே தவிட்டைத் தூவினேன். தவிட்டை மட்டும் நக்கிவிட்டு என்னைப் பார்த்தது.

விடுவேனா? வழக்கமான புல்லோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, தவிடு போட்டுப் பிசைந்து, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் தொட்டியைத் துடைத்து வைத்தது. கொட்டிலுக்குள்ளேயே கைதட்டிக் குதித்தேன். நாலு லீட்டருக்கு இறங்கியிருந்த பால் பத்து நாளில் ஐந்தரைக்கு ஏறியது. ஒவ்வொரு காலையும் கறந்து முடிப்பதற்குள் அளந்து பார்க்கத் துடித்தேன்.

வியாபாரி சொன்ன நாளில் கயிற்றோடு வந்துவிட்டார். வழக்கம்போல என்னைத் தாண்டி, "என்ன தம்பி, அவுத்துத் தாங்களேன்," என்று கணவரிடம் சொன்னார். பேச்சுப்படி அரை லீட்டர் குறைவுதான். நான் பால் வாளியைக் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தேன்.

கணவர் பால் வாளியைப் பார்த்தார். பிறகு கொட்டிலைப் பார்த்தார்.

"என்கிட்ட கேக்காதீங்க. மாட்டப் பாக்குறது அவதான். அவகிட்ட கேளுங்க."

வியாபாரி முதல்முறையாக என் பக்கம் திரும்பினார்.

"குடுக்கிறதுக்கில்ல," என்றேன். லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.