அடுப்புக்கு அடுத்த கதவு

1995 செப்டம்பர் 3 தேதியிட்ட அம்மாவின் கடிதத்தில் சில வரிகளுக்கு அடியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ‘அப்பா தெரு முக்குக்குக்கூடப் போறதில்லை. அரைமணிக்கு ஒருதரம் ஒண்ணுக்குப் போகவேண்டியிருக்கு. போற இடத்தில் வசதி இல்லாட்டா என்ன செய்யன்னு வீட்டுக்குள்ளேயே கிடக்கார். யாரிடமும் மூச்சு விடாதே.’ அதற்குக் கீழே, ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தது: ‘உவரியில் சேவியர் அண்ணன் படுத்த படுக்கை. ஆள் மாற்றி ஆள் சொல்லி அனுப்புதாங்க.’ சேவியர் மாமாவும் அப்பாவும் ஒரே பஞ்சாலையில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சியிலிருந்து உவரிக்கு மூன்று மணி நேரம். இருவரும் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

கடிதம் வந்த வாரம் பக்கத்து வீட்டு ரான் வழக்கம்போலத் தன் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். நியூசிலாந்துக்கு வந்து நான்கு வருஷமாகியும் எனக்குப் பிடிபடாத காட்சி அது. மூன்று படுக்கையறை வீட்டை வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் வாசலில் நிற்கும் கேம்பர் வேனில் ஏறித் தேநீர் குடித்துப் பேப்பர் படிப்பார். பல வாரங்கள் எங்கும் போகமாட்டார். மனைவியோடு சண்டையோ என்று நினைத்து, “வீட்டில் எல்லாம் நலம்தானே?” என்று கேட்டேன். வேனைப் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று எடுத்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். மடக்குக் கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கணப்பு. அடுப்பை ஒட்டி ஒரு குறுகலான கதவு, திறந்தால் கழிப்பறை. “ஆபரேஷனுக்குப் பிறகு இது இல்லாமல் எங்கேயும் போகமுடியாது” என்றார், வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவிக்கும் கேட்கிற குரலில். எனக்குத்தான் கூசியது. அப்பா மூன்று வருஷமாக ஒளித்து வைத்திருந்ததை இந்த மனிதர் வானிலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கும் இப்படி ஒரு வண்டி கட்டவேண்டும் என்று அன்றே நோட்டில் பட்டியல் போட்டேன். என்னோடு படித்த காஜாவுக்கு மேலப்பாளையத்தில் வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை இருந்தது. கேட்டதற்கு, பழைய மெட்டடோர் வேன் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாக எழுதினான். சின்ன வண்டி, எல்லா வசதியும் அடங்காது. கணப்பை முதலில் அடித்தேன். திருநெல்வேலி வெயிலில் கணப்பு கேட்டால் ஊரே சிரிக்கும். குளிர்பெட்டிக்குப் பதில் மின்விசிறி. அப்பா வெளியில் சாப்பிடமாட்டார் என்பதால் அடுப்பு வேண்டும். கால் நீட்டப் படுக்கை வேண்டும். கழிப்பறை இல்லாவிட்டால் மற்ற எதுவுமே வேண்டாம். அளவுகளோடு படம் வரைந்து, ஒவ்வொன்றின் பெயரையும் தமிழில் எழுதி அனுப்பினேன். காரணத்தை மட்டும் எழுதவில்லை. அம்மா மூச்சு விடாதே என்றிருந்தாள்.

1996 ஜனவரி 8, திங்கள். விடுமுறையில் ஊருக்கு வந்தவன் நேராகப் பட்டறைக்குப் போனேன்.

“வாலே நியூசிலாந்து! ஏறிப் பாரு” என்றான் காஜா.

கட்டில் அருமை. திரைச்சீலையில்கூடச் சின்னப் பூ. அடுப்புக்குப் பக்கத்தில், நான் கதவு வரைந்திருந்த இடத்தில், தேக்கு அலமாரி ஒன்று நின்றது. தட்டுகளுக்குச் சட்டம், டம்ளர்களுக்குக் கொக்கி, தூக்குவாளி ஆடாமல் இருக்க ஒரு வளையம்.

“இங்கன ஒரு கதவு போட்டிருந்தேம்லா காஜா?”

“அதுவா! சோறு பொங்குத இடத்துல இருந்து ரெண்டடியில கக்கூசு. எவம்லே வைப்பான்? வரையுதப்போ இடம் மாத்தி எழுதிட்டன்னு நெனச்சேன். ஆசாரி ரெண்டு நாள் இழைச்சான். தொட்டுப் பாரு, கண்ணாடி கணக்கா இருக்கும்.”

“ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டா யாருக்குலே கேவலம்? அடுப்படி எது, கக்கூசு எதுன்னு தெரியாதவன் என்கூடப் படிச்சான்னு பயலுவ சிரிக்க மாட்டானுவளா? படத்தையே ஒருத்தன் கண்ணுலயும் காட்டல.”

என் மானத்தைக் காப்பாற்றியிருந்தான். கத்த முடியவில்லை, நன்றி சொல்லவும் முடியவில்லை. விடுமுறையில் பதினாறு நாள் மிச்சம், நடுவில் பொங்கல். இதற்குள் அலமாரியைப் பெயர்க்க வேண்டும், அதன் அகலம் மட்டும் போதாது, அடுப்பையும் எடுத்துவிட்டால்தான் ஒரு ஆள் உள்ளே போய்த் திரும்ப இடம் கிடைக்கும்.

“அடுப்பு வேண்டாம். ரெண்டையும் எடுத்துட்டு கக்கூசு வை.”

“எதுக்குலே? வழியில காட்டுக்கா பஞ்சம்?”

பட்டறையில் நாலு பேர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். “எனக்குத்தான் வேணும். அங்கன இருந்து பழகிப்போச்சு. வெளியில போக வரல” என்றேன்.

“பாத்துக்கிடுங்கலே, துரை வந்திருக்காரு” என்றான் காஜா. எல்லாரும் சிரித்தார்கள். பொங்கல் முடிகிறவரை தினமும் போய் நின்றேன். ஒரு நாள் ஆசாரி வரவில்லை; ஒரு நாள் கரண்ட் இல்லை. ‘துரை’ என்ற பெயர் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. அந்த ஊரில் யாருக்கும் ஒரு காரணம் சொல்லாமல் ஒரு கதவு வாங்க முடியவில்லை.

ஜனவரி 19, வெள்ளி காலை வேனை காஜாவே ஓட்டி வந்தான். கழிப்பறைச் சுவரில், நான் கேட்காத ஒரு இரும்புப் பிடி, உட்கார்ந்த வயசாளி எழுந்திருக்கத் தோதான உயரத்தில் பொருத்தியிருந்தது. அவனைப் பார்த்தேன். அவன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா ஏறினார். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ் விழும் சத்தமும் எடுக்கும் சத்தமும் கேட்டன. வெளியே வந்து அம்மாவிடம், “சட்டையை எடு. சேவியரப் பாத்துட்டு வந்துருதேன்” என்றார்.

அரைமணிக்கு ஒருதரம் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு அரைமணிகள். நாங்குநேரி தாண்டியும் அப்பா எழுந்திருக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, பஞ்சாலையில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று காஜாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார். இவ்வளவு அவமானப்பட்டு வாங்கின கதவை வழியில் ஒருதரம் திறக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம்கூட வந்தது.

சேவியர் மாமாவுக்கு வாதத்தில் இடது பக்கம் விழுந்திருந்தது. வாய் கோணிப் பேசினார். “மூணு வருசமா எங்க வே போனீரு?”

“வண்டி கிடைக்கல வே” என்றார் அப்பா.

மாமா வலது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை. நான் கடற்கரைப் பக்கம் போய்விட்டேன். காஜா மீன் வாங்கப் போனான். ஒரு மணி நேரம் இருபது நிமிஷம் வேன் பக்கத்தில் யாரும் இல்லை. திரும்பும்போதும் அப்பா எழுந்திருக்கவில்லை.

நான் இங்கே திரும்பிய பிறகு, மார்ச்சில் அம்மா எழுதினாள்: ‘வண்டி வாசலிலேயே நிக்கு. அப்பா தினமும் அதுக்குள்ள உட்கார்ந்துதான் பேப்பர் படிக்கார். கேட்டால் காத்து வருதுங்கார்.’ இங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரான் தன் வேனில் ஏறும்போது அங்கே பகல் சாப்பாட்டுக்கு முந்திய நேரம். இரண்டு கிழவர்கள், இரண்டு வாசல்கள், இரண்டு பேப்பர்கள். நடுவில் நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஏறிக்கொள்ளச் சொல்லி ரான் கையசைக்கிறார். நானும் பதிலுக்குக் கையசைத்துவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுகிறேன்.

என் நோட்டில் ஜனவரி 19-க்கான பக்கத்தில் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், வழியில் வந்த ஊர்கள் எல்லாம் எழுதியிருக்கிறேன். உவரியில் வேன் தனியாக நின்ற அந்த எண்பது நிமிஷத்தில் அப்பா அந்தக் கதவைத் திறந்தாரா என்பது மட்டும் தெரியவில்லை. வண்டியைக் கழுவியவன் காஜா; எழுதிக் கேட்டேன். இரண்டு பக்கம் பதில் போட்டிருந்தான், அதைத் தவிர எல்லாவற்றுக்கும். அப்பாவிடம் கேட்க முடியாது. எனவே அந்த இடத்தில், ‘உறுதிசெய்யப்படவில்லை’ என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.