நெடுஞ்செழியன் தோண்டிய குழி

நெடுஞ்செழியனுக்கு மூடி என்றாலே ஆகாது. இட்லிப் பானையோ குக்கரோ, மூடியிருக்கும் எதையும் திறந்து பார்த்தால்தான் அவருக்கு மூச்சு வரும். பிளானோ என்ற அமெரிக்க ஊரில் இருபத்திரண்டு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தார். அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். அந்தக் குணம் அடுப்படிக்கும் வந்துவிட்டது. ஆவி போய் வேகாமல் கிடக்கும் இட்லியைத் தின்றுகொண்டே, "நல்லாத்தான் இருக்கு" என்பார். மனைவி கண்மணி கரண்டியால் கையில் ஒன்று வைப்பாள்.

ஓய்வு பெற்ற வருடம், மகள் வெண்பாவோடு மூன்று பேரும் பெரு நாட்டுக்குப் போனார்கள். ஆண்டிஸ் மலையில், நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும் உயரத்தில் ஒரு கிராமம். பாசிலியா என்ற பெண்ணின் வீட்டில் தங்கினார்கள். அவள் அவர்களுக்காகப் பச்சமங்கா போட்டாள். அதாவது, மண்ணுக்குள் சமைப்பது. கற்களை நெருப்பில் காயவைத்துக் குழியில் அடுக்கினாள். நடுநடுவே உருளைக்கிழங்கு, கோழி, மொச்சை, சோளத் தோலில் பொதிந்த மாவு. மேலே தழை. அதற்குச் செண்டுப்பூ இலையைக் கசக்கிய வாசம். அதற்கு மேல் ஈரத்துணி, பிறகு மண். உச்சியில் பூச்சுற்றிய குச்சிச் சிலுவை ஒன்றை நட்டுவிட்டு ஆடு பார்க்கப் போய்விட்டாள்.

"வெந்துச்சுன்னு எப்படித் தெரியும்? டெம்பரேச்சர் என்ன?" என்று நெடுஞ்செழியன் வழிகாட்டியைக் குடைந்தார்.

"அவங்களுக்குத் தெரியும் சார்."

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் துணியின் ஓரத்தைத் தூக்கினார். ஆவி குப்பென்று கண்ணாடியில் அடித்தது.

கிழங்கு பாதிதான் வெந்தது. பாசிலியா திட்டவில்லை. வேகாததையெல்லாம் பொறுக்கி அவர் தட்டில் வைத்தாள். அவர் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து சிரித்தாள். புறப்படும்போது வழிகாட்டி மூலமாகத் தண்டனை சொன்னாள். உன் ஊரில் ஒன்று போடு. கை வைக்காமல் போடு. எனக்குப் போட்டோ அனுப்பு.

மார்ச் மாதம் கொல்லைப்புறத்தில் குழி தோண்டினார். ஏப்ரலில் இறந்துபோனார். குழியை மூட யாருக்கும் மனம் வரவில்லை.

இன்று முதலாம் ஆண்டு. படையலில் அவருக்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டும். பச்சமங்காவும் வைப்பதென்று வெண்பா முடிவு செய்திருந்தாள். கம்ப்யூட்டர் சிப்புகளைச் சூட்டில் வைத்து, எப்போது சாகும் என்று கணக்கெடுப்பது அவள் வேலை. எரிமலைக்கல் தேடி வாங்கினாள். கோழிக்குள் ஒரு தெர்மாமீட்டர் முனையைச் செருகி, கம்பியை வெளியே விட்டாள். பத்து நாற்பதுக்குக் குழியை மூடினாள்.

நூற்று இருபது. நூற்று நாற்பது. நூற்று ஐம்பத்தொன்று. கோழி வேக நூற்று அறுபத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும்.

பதினொன்று இருபதுக்கு எண் நின்றது. பிறகு இறங்கியது. நூற்று ஐம்பது. நூற்று நாற்பத்தெட்டு.

வெண்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி ஓரம் மண்டியிட்டாள்.

"கைய எடுட்டி." அம்மா வாழையிலையோடு பின்வாசற்படியில் நின்றாள்.

"டெம்பரேச்சர் ட்ராப் ஆகுதும்மா. ஜஸ்ட் ஒன் மினிட். ஓபன் பண்ணி செக் பண்ணிட்டு க்ளோஸ் பண்ணிடறேன்."

"அப்பனேதான். அச்சு மாறல."

"ஜோக் அடிக்காதம்மா. சும்மா வெயிட் பண்ணச் சொல்றியா? அன்னைக்கும் அப்படித்தான் விட்டேன்."

"என்னைக்கு?"

ஒரு வருடமாகச் சொல்லாததை மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பா கால் பண்ணாரும்மா. நெஞ்சுல ஒரு மாதிரி இருக்குன்னு. நான் லேப்ல இருந்தேன். கேஸ் ட்ரபுளா இருக்கும்பா, ஈவ்னிங் பேசறேன்னு வெச்சுட்டேன்."

அம்மா இலையைப் படியில் வைத்தாள். நூற்று நாற்பத்தாறு.

"எங்கிட்டயும் சொன்னாரு," என்றாள். "நான் ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன். குடிச்சுட்டு, நல்லாருக்குன்னாரு."

வெண்பா நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அழவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மண்ணை ஒரு பிடி எடுத்துத் தேய்த்தாள். ஓரத்தில் விரல் போகிற அளவுக்கு விரிசல். அதன் வழியே ஆவி நூலாக எழும்பிக்கொண்டிருந்தது.

"இது கரிசல்லா? எங்க கோவில்பட்டி மண்ணு மாதிரி. சூடு பட்டா வெடிச்சுப் போவும். காஞ்ச கட்டியாப் போட்டு மூடிருக்க. இவ்வளவு படிச்சு என்ன புண்ணியம்? ஓஸ எடு."

வெண்பா ஓடிப்போய் ஓஸைத் திறந்தாள். அம்மா மண்ணைக் குழைத்து விரிசலில் அப்பினாள். சூடு கையைச் சுட்டது. உதறிவிட்டு மறுபடி அப்பினாள். வெண்பாவும் அப்பினாள். துணியை யாரும் தொடவில்லை.

நூற்று நாற்பத்தைந்து. நூற்று நாற்பத்தைந்து. நூற்று நாற்பத்தைந்து.

வெண்பா மண்வெட்டியைப் பார்த்தாள். அம்மா அதை இழுத்துத் தன் காலுக்கு அடியில் போட்டுக்கொண்டாள்.

நூற்று நாற்பத்தாறு.

இருவரும் சேற்றுக் கையோடு உட்கார்ந்தே இருந்தார்கள். பன்னிரண்டே முக்காலுக்கு நூற்று எழுபதைத் தொட்டது. அம்மா காலை எடுத்தாள்.

கோழி எலும்பிலிருந்து கழன்று வந்தது. சோளமாவு வெந்து மணத்தது. விரிசல் விட்ட பக்கத்தில் மட்டும் கிழங்குகள் கல்லாகவே கிடந்தன. ஒன்றைப் பிட்டுப் பார்த்த வெண்பாவின் முகம் சுருங்கியது.

"இந்தப் பக்கம் ஃபெயில்மா. இத எடுத்துடு. நல்லதா வைக்கலாம்."

அம்மா அவள் கையிலிருந்ததை வாங்கினாள். இலையில், கோழிக்கும் வடைக்கும் நடுவில், அவர் படத்துக்கு நேர் எதிரே வைத்தாள்.

"இருக்கட்டும்," என்றாள். "அவருக்குப் பாதி வெந்ததுதான் பழக்கம்."

வெண்பா சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாயிற்று. அம்மா சேற்றுக் கையாலேயே அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அழுது முடித்ததும் வெண்பா போட்டோ எடுத்து, வழிகாட்டியின் எண்ணுக்கு அனுப்பினாள். பாசிலியாவிடம் காட்டச் சொல்லி ஒரே வரி எழுதினாள்: கடைசிவரை யாரும் திறக்கவில்லை.