நான்காவது பெட்டியும் குகநேசன் சேரும்

குகநேசன் சேர் இறந்த செய்தி எங்கள் தோட்டத்து ஆபீஸுக்கு ஈமெயிலில் வந்தது. பெரிய கிளாக்கர் ஐயா லீவில் போயிருந்ததால், அன்று ஈமெயில் பார்த்து பிரிண்ட் எடுத்து வைக்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. பெயரைப் படித்ததும் கை தானாகப் போய் பிரிண்ட் கொடுத்தது. பக்கத்து மெஷினில் தாள் வரவில்லை. மறுபடி கொடுத்தேன். இப்படி ஐந்து தடவை. ஐந்து தாளும் எங்கள் மேனேஜர் துரையின் அறையில் இருந்த மெஷினில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. துரை அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கதவடிக்கு வந்தார்.

"என்னா சவரிமுத்து, ஒரு மனுசன் அஞ்சு தரமா செத்துப் போறது?"

பிறகுதான் பெயரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம கம்ப்யூட்டர் லைன் போட்ட குகநேசனா?"

"ஆமாங்க தொரை."

அந்தச் செய்தி வந்து சேர்ந்ததும் அவர் போட்ட லைன் வழியாகத்தான்.

முப்பத்தோராம் நாள் வெளியிடும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் நானும் எழுத வேண்டும் என்று அவருடைய மனைவி கேட்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஆள் நான் என்று சொல்லிப் பார்த்தேன்; விடவில்லை. அவருடைய படிப்பையும் பதவிகளையும் உங்களில் தெரிந்தவர்கள் எழுதுவீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் அவர் செய்த ஒரு வேலை மட்டும்தான்.

அப்போது நான் தோட்டத்துத் தப்பால்காரன். ஆபீஸில் அன்றன்றைய கொழுந்து நிறையையும் தூள் நிறையையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு டிஸ்கெட்டில் பிடித்துக் கொடுப்பார்கள். தப்பால் பையில் கடிதங்களோடு அதையும் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்து, பஸ் ஏறி, ஹட்டனில் கம்பனியின் வட்டார ஆபீஸில் கொடுக்க வேண்டும். அங்கே கம்ப்யூட்டர் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குகநேசன் சேர். அவர் அதைத் திறந்து பார்த்துக் கொழும்புக்கு அனுப்புவார்.

ஒருநாள் பனி அதிகம். டிஸ்கெட் ஈரமாகிவிட்டது போல எனக்குத் தோன்றியது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஈரத்துக்கு ஒரே மருந்துதான் தெரியும். பேக்டரிக்குள் போய், தூள் காயவைக்கும் டிரையரின் வாயோரம் அதைக் கொஞ்சநேரம் வைத்து எடுத்தேன். ஹட்டனில் சேர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

"என்ன அண்ணை, இதைப் பொரிச்சுப்போட்டியளோ?"

"இல்லீங்க சேர். ஈரமா இருந்துச்சு. லேசா சூடு காட்டுனேன்."

"மணம் நல்லாத்தான் இருக்கு," என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. புது டிஸ்கெட் ஒன்றையும், அதைப் போட்டு வைக்க மூடியுள்ள ஒரு சாப்பாட்டுப் பெட்டியையும் தந்தார். யாரிடமும் முறைப்பாடு போகவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்களில் கம்பனி டிஸ்கெட்டை ஒழிக்க முடிவு செய்தது. சேர் எங்கள் ஆபீஸுக்கே வந்து தங்கி வேலை பார்த்தார். பெரிய ரோட்டிலிருந்து தேயிலை மலை வழியே ஆபீஸ் வரைக்கும் தூண் நட்டுக் கம்பி இழுத்தார்கள். வழியில் ஏழு தகரப் பெட்டிகள். கம்பியும் கம்பியும் சேரும் இடங்கள் அவை. என்ன நடக்கிறது என்று நான் கேட்டேன். என் மாதிரி ஆளுக்கும் உட்கார்ந்து பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு இருந்தது.

"கணக்கெல்லாம் இருக்கிற பெரிய மெஷின் கொழும்பில இருக்கு அண்ணை. அதுவும் கம்பனின்ர கந்தோரில இல்லை. இதுக்கெண்டே இடம் வைச்சிருக்கிற வேற ஒருத்தரிட்ட வாடகை குடுத்து வைச்சிருக்கினம். இனி உங்கட ஆபீஸ் நேரா அதுக்குள்ளயே எழுதும். நடுவில ஒருத்தரும் இல்லை."

நடுவில் இருந்த அந்த ஒருத்தன் நான்தான். அதை அவர் யோசித்துச் சொல்லவில்லை என்று அப்போது நினைத்தேன்.

தப்பால் வேலை போனால் வேறு வேலை தருவார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்கோ மருந்தடிக்கவோ அனுப்புவார்கள். ஆனால் ஆபீஸுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை வீடு தப்பால்காரனுக்கு உரியது. அதைவிட்டு மேல் டிவிஷன் லயத்து வரிசை வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே அப்போது கரண்ட் இல்லை. காலை பஸ்ஸைப் பிடிக்க ஒன்றரை மணி நேரம் இறங்க வேண்டும். என் மகள் ஹட்டனில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு எட்டு மாதம் இருந்தது. மேலே போனால் அவள் படிப்பு நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். மனைவியிடம்கூட இதைப் பேசவில்லை.

இடையில் துரை தன் பங்களா கம்ப்யூட்டரையும் அந்த லைனில் சேர்த்துவிடச் சொன்னார். சேர் முடியாது என்று சொல்லவில்லை. "சேர்க்கலாம் சேர். ஆனா உங்கட மகன் கம்ப்யூட்டரில ஓட்டி விளையாடுற காரும் போய் கொழும்பு மெஷினுக்குள்ள பார்க் பண்ணி நிக்கும்," என்றார். துரை சிரித்துவிட்டு விட்டுவிட்டார். பிறகு சேர் என்னிடம் சொன்னார்: "கதவு வைக்கிறது லேசு அண்ணை. ஆரை விடுறது எண்டுதான் யோசிக்க வேணும்." ஆபீஸில் ஒரே ஒரு மெஷினுக்குத்தான் அவர் கதவு திறந்தார்.

லைனைச் சோதித்துப் பார்க்கும் நாளுக்கு முதல் நாள் பின்னேரம் தப்பால் பையோடு திரும்பி வந்துகொண்டிருந்தேன். பாதையோரம் நான்காவது பெட்டி. சுற்றிலும் ஆளில்லை. சட்டைப் பையில் இருந்த நாணயத்தால் மூடியின் திருகைச் சுழற்றினேன். உள்ளே ஒரு கம்பியின் திருகையும் தளர்த்தி, நுனியை வெளியே இழுத்துவிட்டேன். அப்போது தூறல் விழுந்தது. அவசரத்தில் மூடி சரியாகப் பொருந்தவில்லை. தண்ணீர் போனால் பெட்டி முழுக்கப் பாழாகுமே, அந்த மனிதன் இரண்டு மாதம் பாடுபட்டாரே என்று மனசு கேட்கவில்லை. மனைவி கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டிய பழைய பிளாஸ்டிக் படங்கு ஒன்றைத் தப்பால் பையை மூட வைத்திருந்தேன். அதைப் பெட்டியைச் சுற்றிப் போர்த்தி, கொழுந்துச் சாக்கு கட்டும் முடிச்சைப் போட்டுவிட்டு வந்தேன். களவெடுக்கப் போன வீட்டுக்குக் காவலும் வைத்துவிட்டு வந்த ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

மறுநாள் துரை, கிளாக்கர் ஐயா, எல்லாரும் மெஷினைச் சுற்றி நின்றார்கள். பச்சை விளக்கு எரியவில்லை. கொழும்பிலிருந்து டெலிபோனில், எதுவும் வரவில்லை என்றார்கள். துரை கடிகாரத்தைப் பார்த்தார். சேர் பையைத் தோளில் போட்டார்.

"வாங்கோ அண்ணை, நடந்து பாப்பம்."

ஆபீஸுக்குக் கிட்ட இருந்த ஏழாவது பெட்டிக்குள் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஆறாவதில் ஒரு நத்தை. ஐந்தாவதில் துரு பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொன்றையும் துடைத்து மூடினார். நான்காவதன் முன்னால் வந்து நின்றார். படங்கைப் பார்த்தார். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்; அது இறுகியது. நான் பழக்கத்தில் ஒரு நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன். முழுதும் அவிழ்ந்து விழுந்தது. அவர் என் கையைப் பார்த்தார். அதன் பிறகுதான் மூடியைத் திறந்தார்.

உள்ளே சொட்டு ஈரமில்லை. கம்பி ஒன்று தனியாகத் தொங்கியது. அதை எடுத்து வைத்து முறுக்கினார்.

"திரும்பக் கட்டுங்கோ," என்றார். "அதே மாதிரி."

கட்டினேன்.

ஆபீஸுக்குத் திரும்பியபோது பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்ன பிழை என்று துரை கேட்டார். வழக்கமாகத் துரையிடம் சிங்களத்தில் பேசுகிறவர், அன்று எனக்கும் விளங்கும்படி தமிழில் சொன்னார்.

"ஈரம் சேர். பெட்டி எல்லாத்துக்குள்ளையும் தண்ணி. நாலாவது மட்டும் காய்ஞ்சு கிடக்கு, ஆரோ கட்டி வைச்சிருக்கினம். கட்டின ஆளையே ஏழுக்கும் போடுங்கோ. ஒவ்வொரு நாளும் ஒரு ஆள் நடந்து பாக்காட்டி இந்த மழைக்கு லைன் நிக்காது."

"யாரு கட்டினது?" என்றார் துரை.

"நாந்தாங்க தொரை."

கட்டியதை மட்டும் ஒப்புக்கொண்டேன். கிளாக்கர் ஐயா என் முதுகில் தட்டினார். அதுதான் அன்றைக்கு ஆகக் கூடுதலாக வலித்தது.

மழைக்கு லைன் நிற்காது என்று சேர் சொன்னது இரக்கத்துக்காகச் சொன்ன பொய் அல்ல. அந்த மழைக்காலத்தில் இரண்டு தடவை வேறு பெட்டிகளில் லைன் நின்றது. நான் போய்த் துடைத்துச் சரிசெய்தேன். தப்பால்காரன் லைன் பார்க்கும் ஆளானான். வீடு எங்களிடமே இருந்தது. மகள் அந்த வீட்டு பல்பின் கீழ் படித்து பாஸானாள். இன்று கொத்மலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறாள். படங்கைக் காணோம் என்று என் மனைவி மட்டும் ஒரு மாதம் என்னைத் திட்டினாள்.

வேலை முடிந்து சேர் ஹட்டனுக்குப் போன அன்று பஸ் வரை பை தூக்கிக்கொண்டு போனேன். படியில் ஏறியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தந்தார்.

"இனிக் காசாலை திருகாதேங்கோ அண்ணை. ஆணித் தலை தேய்ஞ்சு போகும்."

பஸ் போய்விட்டது. நாணயத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதன் பிறகு எத்தனையோ முறை சந்தித்தோம். டிரையரைப் பற்றிக் கேலி செய்வார். நான்காவது பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஹட்டனில் அவருடைய வீட்டில் கடைசியாக முகம் பார்க்கப் போனேன். அவருடைய மனைவி என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தார்கள்.

"நீங்கள்தானே பெட்டி கட்டின அண்ணை? அந்தக் கதையைத் துவங்குவார், சிரிப்பார், பிறகு அப்பிடியே விட்டிடுவார். என்னதான் நடந்தது?"

"மழைங்கம்மா," என்றேன். "நனையக் கூடாதுன்னு கட்டுனேன்."

அவர்கள் தலையாட்டினார்கள். ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், நான் ஒதுங்கி நின்றேன். என்னிடம் அவருடையதாக மிஞ்சியிருப்பது அந்த ஸ்குரூ டிரைவர். அன்றும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவரைக் கிடத்தியிருந்த பெட்டிக்குப் பக்கத்தில் போய், அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அங்கே சொல்லாமலே திரும்பிவிட்டேன்; இங்கே எழுதிவிடுகிறேன்.

சேர், அந்தக் கம்பியக் கழட்டுனதும் நாந்தாங்க.